இன்னிக்கு வெயிலே இல்லை, ஸார்!

நைரோபியில் கம்பெனி வேலை முடிந்துவிட்டது. ஃப்ளைட் ராத்திரிதான். "ரூம்ல உட்கார்ந்து என்ன பண்ணப் போறே? போய் சிங்கத்தைப் பாரேன்" என்று போனில் சொன்னார் மேனேஜர். (சிங்கத்தின் முன்னால் கைகட்டி நிற்பது நமக்குப் புதுசா என்ன!)

காடு என்றால் ஒருநாள் பயணம் என்று நினைத்தேன். ஹோட்டலிலிருந்து அரை மணிதான்! நகரத்தை ஒட்டியே 117 சதுர கிலோமீட்டர், 1946-ல் ஆரம்பித்த நைரோபி நேஷனல் பார்க். ஒட்டகச்சிவிங்கி மேய்கிறது, அதன் கழுத்துக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள்.

டிரைவர் முதலில் காட்டியது மிருகம் இல்லை, சாம்பல்! 1989 ஜூலையில் அன்றைய ஜனாதிபதி டேனியல் அராப் மோய் 12 டன் யானைத் தந்தத்தை இங்கேதான் கொளுத்தினாராம். விற்றிருந்தால் கோடி கோடியாய்க் காசு. பைத்தியக்காரத்தனமா? 1979-ல் ஆப்பிரிக்காவில் சுமார் 13 லட்சம் யானைகள். பத்தே வருஷத்தில் சுமார் 6 லட்சம். வாங்க ஆள் இருக்கும்வரை சுட ஆள் இருப்பான். அதே வருஷம் அக்டோபரில் சர்வதேசத் தந்த வியாபாரத்துக்குத் தடை வந்தது. 2016-ல் மறுபடி 105 டன்னைக் கொளுத்தினார்கள். தந்தம் லேசில் எரியாது. டீசலும் கெரஸினும் ஊற்றித்தான்! 1989-ல் கென்யாவில் சுமார் 16,000 யானைகள். 2021 கணக்கெடுப்பில் 36,280.

"சிங்கத்துக்குத்தான் தந்தம் இல்லையே, அதுக்கென்ன ஆபத்து?" என்றேன்.

"மாடு, ஸார்" என்றார் டிரைவர். மாசாய் இனத்துக்காரர்.

பார்க்கின் தெற்கே வேலி கிடையாது. வரிக்குதிரைகள் வெளியே மேயப் போகும், பின்னாலேயே சிங்கமும். அங்கே மாசாய்க்காரர்களின் மாட்டுப்பட்டிகள். நம்ம பி.எஃப். பணம் முழுக்க நாலு காலில் பட்டியில் நிற்கிறது, ஒரே ராத்திரியில் பாதியைக் காணோம் என்றால் சும்மா இருப்போமா? 2012 ஜூனில் ஆடுகளைக் கொன்ற ஆறு சிங்கங்களை ஊர்க்காரர்கள் தீர்த்துக்கட்டினார்கள். அதில் குட்டிகளும் உண்டு. எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

அதே பக்கத்துப் பையன் ரிச்சர்ட் டுரேரே. அப்பாவின் மாடுகளுக்கு அவன்தான் காவல். நெருப்பு மூட்டிப் பார்த்தான். சிங்கத்துக்கு வெளிச்சம் போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிற்று! சோளக்கொல்லை பொம்மை வைத்தான். முதல் நாள் பயந்த சிங்கம், மறுநாள் 'இது அசையவே இல்லையே' என்று உள்ளே புகுந்துவிட்டது. ஒருநாள் டார்ச்சோடு பட்டியைச் சுற்றி நடந்தான். சிங்கம் வரவில்லை. ஆஹா, நகரும் வெளிச்சம்!

அப்போது அவனுக்கு வயசு 11. அம்மாவின் புது ரேடியோவைப் பிரித்துப்போட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் வேறு இருந்தது. பழைய கார் பாட்டரி, மோட்டார் பைக் இண்டிகேட்டர், உடைந்த டார்ச்சின் பல்புகள், ஒரு சோலார் தகடு. விளக்குகள் மாறி மாறி மின்ன, யாரோ நடமாடுகிறார்கள் என்று சிங்கம் திரும்பிப் போனது. பையன் தூங்கப் போனான். பறிகொடுத்த பக்கத்து வீட்டுப் பாட்டி, "எனக்கும் போட்டுத் தாடா" என்று கேட்க, ஏழு வீடுகளுக்குப் போட்டுக் கொடுத்தான். 2013-ல் அமெரிக்காவுக்குப் போய் மேடையில் பேசினான்!

"என் வீட்டிலும் அந்த விளக்குதான், ஸார். நாலு மாடு" என்றார் டிரைவர்.

கடைசிவரை சிங்கம் கண்ணில் படவில்லை. நாலு மணிக்கே கிளம்பலாம் என்றார். எனக்கு ஏமாற்றம். "ஏன் இவ்வளவு அவசரம்?" என்றேன்.

கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தார். காலையிலிருந்து ஒரே மூட்டம்.

"பாட்டரி சார்ஜ் ஏறியிருக்காது, ஸார். ராத்திரி நான்தான் டார்ச்சோட நடக்கணும்."