ஓடு என்றால் எத்தனை ஓடு?



ஆங்கிலப் பாடத்தில் ‘ஷெல்’ என்ற சொல்லைப் படித்துவிட்டு வந்த பிள்ளை, வீட்டில் அதற்குப் பொருள் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுப்படியில் இருக்கும் அம்மா முட்டை ஓடு என்பார். தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் பாட்டி சிரட்டை என்பார். கடற்கரைக்குப் போய் வந்த அண்ணன் சிப்பி என்பான். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்த தாத்தா, பீரங்கிக் குண்டு என்பார். நால்வர் சொல்வதும் சரிதான். ஆங்கிலத்துக்கு ஒரு சொல் போதுமாக இருக்கிறது. நமக்கோ சங்கு, சிப்பி, சோழி, சிரட்டை, ஓடு, குண்டு என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு.

இவற்றைப் படம் பிடித்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. அதோடு, கண்ணால் மட்டும் பார்க்கும்போது தப்பிப் போகிற பல உண்மைகள் படத்தில் அகப்படும். பூச்சோங்கில் இதற்காக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. காலைச் சந்தையில் கெராங் குவிந்து கிடக்கும். மழை விட்டதும் கால்வாய் ஓரத்தில் நத்தை ஊரும். விலை உயர்ந்த கேமராவும் தேவையில்லை, கைப்பேசி போதும். காலை வெளிச்சம் ஒரு பக்கமாக விழும் சன்னலருகே கறுப்புத் துணியை விரித்து, அதன்மேல் பொருளை வையுங்கள். பளிச்சென்று அடிக்கும் மின்னொளி வேண்டாம். அது மேடு பள்ளத்தையெல்லாம் தட்டையாக்கிவிடும். பக்கவாட்டு வெளிச்சம்தான் வரிகளை எழுப்பிக் காட்டும். அளவு தெரிய ஓரத்தில் ஓர் இருபது காசு நாணயம் இருக்கட்டும்.

முதலில் நத்தை. நம் தோட்டங்களில் காய்கறிப் பாத்திகளை மேய்ந்து தீர்க்கும் பெரிய நத்தை இந்த மண்ணுக்கு உரியது அன்று. அதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா. 1847ஆம் ஆண்டில் மொரிஷியசிலிருந்து கொண்டு வந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டார்கள். 1900இல் இலங்கையில் காணப்பட்டது. பிறகு மலாயாவுக்கும் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய நம் முன்னோர் வந்த வழி! அதன் ஓட்டைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வாய்ப் பக்கத்துக்கு இணையாக வரி வரியாகத் தெரியும். நத்தை தன் ஓட்டை வாயோரத்தில் மட்டுமே கூட்டிக் கட்டுகிறது. உச்சியில் இருக்கும் சிறு சுருள்தான் அது குஞ்சாக இருந்தபோது குடியிருந்த வீடு. ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். வெள்ளையடித்த சுவரில் இரவு நேரத்தில் நத்தை ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். அது சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறது. ஒரு எச்சரிக்கை: இந்த நத்தையின் உடலில் மனித மூளையைத் தாக்கும் நுண்புழு இருக்கக்கூடும். வெறுங்கையால் தொட வேண்டாம். பிள்ளைகள் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

கெராங்கும் முட்டையும் அதே சுண்ணாம்பு வகைதான். ஆனால், கெராங்கின் ஓடு அது உயிரோடு இருக்கும்வரை வளர்ந்துகொண்டே போகும். கோழியோ முட்டையின் ஓட்டை வயிற்றுக்குள்ளேயே ஏறத்தாழ 20 மணி நேரத்தில் பூசி முடித்துவிடுகிறது. இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்துப் படம் எடுங்கள். மொத்தையான முனையில் காற்று அறை தெரியும். அடை வைத்து ஏழு நாளான முட்டையானால் இரத்த நாளங்கள் சிலந்தி வலைபோல் தெரியும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருப்பதால்தான் உள்ளே இருக்கும் குஞ்சு மூச்சுவிடுகிறது.

சங்கைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கம் எடுக்கப்படும் சங்குகளில் ஏறக்குறைய எல்லாமே ஒரே பக்கமாகச் சுழல்பவை. எதிர்ப்பக்கம் சுழலும் அபூர்வச் சங்கைத்தான் நாம் வலம்புரி என்று போற்றுகிறோம். (விலங்கியலார் சங்கை வேறு முனையிலிருந்து பார்ப்பதால், அவர்கள் கணக்கில் இதுவே இடப்பக்கச் சுழல், குழம்ப வேண்டாம்.) கைப்பேசியின் முன்பக்கக் கேமரா சில வேளைகளில் படத்தை இடவலம் மாற்றிப் பதிந்துவிடும். அப்போது சாதாரணச் சங்கும் படத்தில் வலம்புரியாகிவிடும்! வலம்புரி என்று படத்தைக் காட்டி ஒருவர் விலை பேசினால், பணத்தை எடுப்பதற்கு முன்னால் சங்கையே கையில் வாங்கிப் பாருங்கள்.

இனி மரத்தின் பக்கம் வருவோம். சிரட்டையில் சுண்ணாம்பு இல்லை. அது மரத்தின் சரக்கு. அதன் மூன்று கண்களில் ஒன்றுதான் மெலிதானது. முளை அதன் வழியாகத்தான் வெளியே வரும். சிறு தோட்டக்காரர்கள் இந்தச் சிரட்டையையே மங்காகக் கட்டிப் பால் பிடித்தார்கள்.

செம்பனையின் கொட்டை ஓட்டிலோ பெரிய கதை அடங்கியிருக்கிறது. பழத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டிப் படம் எடுத்தால் நடுவே கறுப்பு வளையம் தெரியும். அது தடித்திருந்தால் தூரா வகை. வளையமே இல்லாவிட்டால் பிசிஃபெரா. அதன் குலைகள் பெரும்பாலும் முற்றாமலே அழுகிவிடும். மெல்லிய வளையமும் அதைச் சுற்றி நார்ப்புள்ளிகளும் இருந்தால் தெனெரா. முதல் இரண்டையும் இணைத்தால் பிறப்பது இந்த மூன்றாவது என்பதை 1941இல் பெல்ஜியக் கொங்கோவில் இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஓடு மெலிந்த இடத்தை எண்ணெய்ச் சதை பிடித்துக்கொள்வதால், தூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் கிடைக்கிறது. 1917இல் கோலசிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வாணிக முறையில் தொடங்கிய செம்பனை, பிற்காலத்தில் ரப்பரைத் தள்ளிவிட்டு நாடெங்கும் பரவியதற்கு இந்தச் சில மில்லிமீட்டர் ஓடும் ஒரு காரணம். குலை வெட்டியவர்கள் எத்தனை பேருக்கு இதை யாராவது சொன்னார்கள்? ஆலையில் உடைபட்ட ஓடு வீணாவதில்லை. கொதிகலனில் எரிந்து அந்த ஆலையையே ஓட்டுகிறது.

சாலையோரப் பெட்ரோல் நிலையத்து மஞ்சள் சிப்பியையும் பிள்ளைகள் கேட்பார்கள். லண்டனில் கடற்சிப்பி விற்ற வணிகர் மார்க்கஸ் சாமுவேல். அதே பெயர் கொண்ட அவருடைய மகன், 1897இல் தொடங்கிய எண்ணெய் நிறுவனத்துக்கு ‘ஷெல்’ என்று பெயரிட்டார்.

தாத்தா சொன்ன குண்டுக்குக் கேமராவே வேண்டாம். வெளியே இரும்புக் கூடு, உள்ளே வெடிமருந்து. ஆகையால்தான் அதற்கும் அந்தப் பெயர். கட்டடத்துக்கு மண் தோண்டும்போது பழைய போர்க்காலக் குண்டுகள் இந்நாட்டில் இன்னமும் அகப்படுகின்றன. துருப்பிடித்து, மண் அப்பிக் கிடந்தாலும் வெடிக்கலாம். கிட்டப் போகாமல், தட்டிப் பார்க்காமல், விலகி வந்து 999க்குச் சொல்லுங்கள்.

நாம் மிகவும் விரும்புவது ரப்பர் கொட்டைதான். வெயில் நாளில் காய் ‘படார்’ என்று வெடித்துத் தகரக் கூரையில் கொட்டைகள் விழும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். கல்லில் தேய்த்துச் சூடாக்கித் தோழனின் கையில் வைக்காத பிள்ளை உண்டா? அந்தக் கொட்டை ஓட்டின் பழுப்புக் கோலம் தாய்மரத்தின் திசுவால் ஆனது. மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்திருந்தாலும், ஒரு மரத்தின் கொட்டைகள் எல்லாம் ஒரே சாயலாக இருக்கும். கொட்டையைப் பார்த்தே மரத்தின் இனத்தைச் சொல்லும் தேர்ச்சி பெற்றவர்கள் உண்டு.

காசல்பீல்டு, கின்ராரா என்ற தோட்டப் பெயர்கள் பூச்சோங் பக்கம் இன்றும் வழங்குகின்றன. மரங்கள் இருந்த இடத்தில் வீடமைப்பும் நெடுஞ்சாலையும் நிற்கின்றன. பழைய பெட்டியிலோ கோயில் ஓரத்தில் தப்பி நிற்கும் மரத்தடியிலோ கொட்டைகள் கிடைத்தால், மரத்துக்கு ஐந்தாக எடுத்து வரிசையாக வைத்துப் படம் பிடியுங்கள். ஐந்தும் ஒத்திருக்கின்றனவா, அடுத்த மரத்தின் ஐந்தோடு மாறுபடுகின்றனவா என்று பாருங்கள். பிறகு அந்த இடத்தில் எந்தத் தோட்டம் இருந்தது, எத்தனையாம் நம்பர் காடு என்று பெரியவர்களைக் கேட்டு, ஆண்டையும் சேர்த்துப் படத்தின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.