கேக் எங்கே? தேடுகிறார் ஜப்பான்காரர்!

"இந்த வேலையா? ஒரு துண்டு கேக்!" என்று ஆங்கிலத்தில் சொல்கிறார் அம்பத்தூர் என்ஜினீயர். எதிரே நிற்பவர் ஜப்பான்காரர். கேக் எங்கே என்று அவர் சுற்றுமுற்றும் பார்க்கிறார்!

சிரிக்காதீர்கள். "ஒரு துண்டு கேக்" என்றால் ஆங்கிலத்தில் "மிகவும் சுலபம்" என்று பொருள். அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடினால் இந்தப் பொருள் கிடைக்காது. நாம் "அல்வா சாப்பிடுவது மாதிரி" என்கிறோம். ஜப்பானியரோ "காலைச் சாப்பாட்டுக்கு முன்னே" என்பார்கள். சாப்பிட உட்காருவதற்குள் முடித்துவிடலாம், அவ்வளவு சுலபமாம்! (அவரிடம் "அல்வா கொடுத்தான்" என்பதை மட்டும் விளக்கப் போகாதீர்கள். அது வேறு கதை.)

சென்னைக்கு மேற்கே இந்தப் பேச்சுக்கு மிகுந்த தேவை இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. பூந்தமல்லியைத் தாண்டி, திருவள்ளூர் சாலையில், வண்டி விளக்குகள் செய்யும் ஜப்பானியக் கூட்டு ஆலை 1990-களில் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் நிசானும் ரெனோவும் சேர்ந்து கார் ஆலை திறந்தன. ஜப்பானியர் வந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நம்மவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. நடுவே நிற்பது ஆங்கிலம். அது இருவருக்கும் இரவல் சட்டை!

ஜப்பானியப் பிள்ளைகள் நடுநிலைப் பள்ளியிலும் உயர்நிலைப் பள்ளியிலும் 6 ஆண்டுகள் ஆங்கிலம் படிக்கிறார்கள். படித்தும் பேச நா எழாது. நம் ஊரில் எத்தனையோ பேருக்கு இதே கதிதானே!

தமிழில் ல, ள, ழ என்று மூன்று ஓசைகள். ர, ற என்று இன்னும் இரண்டு. ஜப்பானிய மொழியில் ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஓசைதான். அதனால் "ரைஸ்" கேட்க நினைத்து "லைஸ்" கேட்டுவிடுவார்கள். முதலாவது சோறு, இரண்டாவது பேன்!

மூன்று ஊர், மூன்று மேன்ஷன்

ஆங்கிலச் சொல்லை எடுத்துத் தங்கள் விருப்பம்போல் மாற்றிக்கொள்வதில் ஜப்பானியர் கெட்டிக்காரர்கள். இங்கிலாந்தில் "மேன்ஷன்" என்றால் பெரிய மாளிகை. ஜப்பானில் அது அடுக்குமாடி வீடு. நம் திருவல்லிக்கேணியிலோ பிரம்மச்சாரிகள் வாடகைக்குத் தங்கும் விடுதி! பரீட்சையில் காப்பி அடிப்பதை ஜப்பானியர் "கன்னிங்" என்பார்கள். நாம் "பிட் அடிப்பது" என்கிறோம். இரண்டுமே இங்கிலாந்துக்காரருக்குப் புரியாது.

"கிளெய்ம்" என்ற சொல்லில்தான் எச்சரிக்கை தேவை. ஆங்கிலத்தில் அது உரிமை கேட்பது. ஜப்பானியர் வாயில் அது வாடிக்கையாளரின் புகார். "கிளெய்ம் வந்திருக்கிறது" என்று ஜப்பானிய அதிகாரி சொன்னால், யாருக்கோ பணம் வரப்போகிறது என்று எண்ணிவிடாதீர்கள். சரக்கில் குறை என்று அர்த்தம்.

ஆமாமா, இல்லையா?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒரு சின்னச் சொல்லில் இருக்கிறது.

"நட்டை முடுக்கவில்லையா?" என்று கேட்கிறார் மேற்பார்வையாளர். முடுக்கவில்லை என்றால் தமிழில் "ஆமாம், முடுக்கவில்லை" என்போம். ஜப்பானியரும் அப்படியே "ஹாய்" என்பார். ஆங்கிலத்திலோ "நோ" என்று சொல்ல வேண்டும். நாம் பழக்கத்தில் "எஸ்" என்போம். அமெரிக்காவிலிருந்து வந்தவர் கேட்டால், நட்டு முடுக்கியாயிற்று என்று எண்ணுவார். வண்டி வெளியே போய்விடும்! ஆகையால் கேள்வியை நேராகக் கேட்பதே நல்லது: "நட்டை முடுக்கினாயா?"

இன்னொன்று. நாம் பேசும்போது ஜப்பானியர் "ஹாய், ஹாய்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சம்மதித்துவிட்டார் என்று மகிழ வேண்டாம். பாட்டி கதை சொல்லும்போது நாம் "உம்" கொட்டுவோமே, அதுதான் அது. நம்மவர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அவர் குழம்புவதும் உண்டு. சரிக்குச் சரி!

நமக்கு எளிது

சுசுமு ஓனோ (1919-2008) என்ற ஜப்பானிய அறிஞர், தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். யாழ்ப்பாணப் பேராசிரியர் சண்முகதாசும் அவர் மனைவி மனோன்மணியும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்தார்கள். மொழி அறிஞர் பலர் இதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். இரண்டு மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். "நான் சோறு சாப்பிட்டேன்" என்பதை ஆங்கிலத்தில் "நான் சாப்பிட்டேன் சோறு" என்று திருப்பிப்போட வேண்டும். ஜப்பானிய மொழியில் சொல்லுக்குச் சொல் நம் வரிசைதான்.

அதனால் ஜப்பானியர் ஆங்கிலத்தில் எங்கே தடுக்கி விழுவார் என்பது நமக்குத் தெரியும். அங்கேதான் நாமும் விழுந்து எழுந்தோம். அழகான மரபுத்தொடர்களைப் பேசிக் காட்டும் வெள்ளைக்காரரைவிட, "இது சுலபம்" என்று இரண்டே சொல்லில் முடிக்கும் ஆவடித் தொழிலாளி அவருக்கு நல்ல ஆசிரியர் என்பேன். ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்று கூச்சப்பட வேண்டாம்.

பழமொழிகளும் கைகொடுக்கும். கிணற்றுத் தவளை அங்கேயும் இருக்கிறது! யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம் நாம். அங்கே குரங்கும் மரத்திலிருந்து விழும். செவிடன் காதில் நாம் ஊதும் சங்கு, அங்கே குதிரையின் காதில் ஓதும் மந்திரம்.

"சாப்பிட்டுப் பார்" என்கிறோமே, அதில் "பார்" எதற்கு? வாயால் சாப்பிடுவதைக் கண்ணால் பார்ப்பதா? ஆங்கிலேயருக்கு இதை விளக்கி மாளாது. ஜப்பானியருக்கு விளக்கவே வேண்டாம். "தபெத்தெ" என்றால் சாப்பிட்டு. "மிரு" என்றால் பார். இரண்டையும் சேர்த்தால் நம் பொருளேதான்! ஆலை உணவு விடுதியில் வற்றல் குழம்பைக் கண்டு ஜப்பானியர் தயங்கினால், "தபெத்தெ மித்தெ குதசாய்" என்று சொல்லிப் பாருங்கள்.