பத்துப் பேர் கூடினால் வழிபாடு: தலைநகர் யூதர்களின் ஓய்வுநாளும் நோன்பும்

புது தில்லி: கான் மார்க்கெட்டை அடுத்த ஹுமாயூன் சாலையில் 1956-இல் எழுப்பப்பட்ட சிறிய கட்டடம் ஜூடா ஹயாம் ஜெப ஆலயம். தலைநகரில் வாழும் யூதக் குடும்பங்கள் மிகச் சிலவே. அவர்களுக்கு இதுவே வழிபாட்டிடம். அருகிலேயே இடுகாடு. 1971 போரில் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த நிகழ்வில் முக்கியப் பங்காற்றிய லெப்டினன்ட் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப், 2016-இல் இங்குதான் அடக்கம் செய்யப்பட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை இங்கு ஓய்வுநாள் வழிபாடு. கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்பது யூத மரபு. பழைய விதிப்படி பத்துப் பேரும் வயது வந்த ஆடவராக இருத்தல் வேண்டும். அவ்வாறு பார்த்தால் தில்லியில் பல வாரங்கள் வழிபாடே நடவாது. எனவே, பல பத்தாண்டுகளாக ஊதியமின்றி வழிபாட்டை நடத்திவந்த வழக்கறிஞர் எசக்கியேல் ஐசக் மலேகர், பெண்களையும் அந்தப் பத்தில் சேர்த்துக்கொண்டார். வெளிநாட்டுப் பயணிகளும் தூதரக ஊழியர்களும் வந்து கூடுவது உண்டு. 1568-இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில் உள்ளூர் யூதர்களைக் கொண்டு பத்து ஆடவரைத் திரட்ட இயலாத நிலை நெடுங்காலமாக நிலவுவதை எண்ணினால், தில்லியின் முடிவு காலமறிந்து எடுத்த முடிவே.

ஓய்வுநாள் வெள்ளி மாலை சூரியன் மறையும்போது தொடங்கி, சனி இரவு விண்மீன்கள் தெரியும்வரை நீடிக்கும். அந்நேரத்தில் தொழில், சமையல், நெருப்பு மூட்டுதல், வாகனம் ஓட்டுதல் அனைத்தும் விலக்கு. டிசம்பரில் தில்லியில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். அதற்கு 18 நிமிடம் முன்னரே விளக்கேற்ற வேண்டும். அரசு அலுவலகம் முடியும் நேரமோ ஐந்தரை! 1985-இல் மத்திய அரசு வாரத்துக்கு ஐந்து நாள் பணி முறையைக் கொண்டு வந்ததால் சனிக்கிழமைச் சிக்கல் மட்டும் தீர்ந்தது. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியின் மென்பொருள் நிறுவனங்களிலும் சனி, ஞாயிறு விடுமுறை என்பதே பொது வழக்கம்.

இந்திய யூதர்களுக்குச் சனிக்கிழமையே ஒரு காலத்தில் பெயராகவும் இருந்தது. கொங்கணக் கடற்கரைச் சிற்றூர்களில் செக்காட்டி வாழ்ந்த பெனே இஸ்ரேல் பிரிவினரை அயலார் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றே அழைத்தனர். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தமிழர் வழக்கம். அங்கோ அன்று செக்கு ஓடாது. ஓய்வுநாள் ஆசீர்வாதத்துக்குத் திராட்சை மதுவுக்குப் பதிலாக, உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றைப் பயன்படுத்துவதும் இவர்களது மரபு.

நோன்புகளுக்கும் இவர்கள் மராத்தியில் பெயர் சூட்டினர். எருசலேம் ஆலயம் இருமுறை அழிந்ததற்குத் துக்கம் காக்கும் ஆப் மாத ஒன்பதாம் நாள், ‘பிர்ட்யாச்சா ரோஜா’. மொச்சை வகைப் பயறுக் குழம்பான ‘பிர்டா’வை உண்டு முடிக்கும் நோன்பு என்பதால் இப்பெயர். துக்க நோன்பு சனிக்கிழமையில் வந்தால் வேறு நாளுக்கு மாற்றப்படும். ஓய்வுநாளில் துக்கத்துக்கு இடமில்லை.

இவ்விதிக்கு உட்படாதது ‘யோம் கிப்பூர்’ எனும் பாவநிவர்த்தி நாள் மட்டுமே. ஏறத்தாழ 25 மணி நேரம் சோறும் நீரும் இல்லை. கொங்கணத்தில் வெள்ளுடை உடுத்து, கதவை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்ததால் இது ‘கதவடைப்புத் திருநாள்’ எனப் பெயர் பெற்றது.

இந்நாள் திஷ்ரி மாதத்தின் பத்தாம் நாள். விஜயதசமியும் வளர்பிறைப் பத்தாம் நாளே. எனவே சில ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாக அமைகின்றன. 2024 அக்டோபர் 12-லும், 2025 அக்டோபர் 2-லும் அவ்வாறே நேர்ந்தது. 2025-இல் காந்தி ஜெயந்தியும் சேர்ந்துகொள்ள, நோன்பிருந்தவர் எவரும் விடுப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் இரு பஞ்சாங்கங்களிலும் அதிக மாதம் வெவ்வேறு ஆண்டுகளில் சேர்க்கப்படுவதால் இந்த வாய்ப்பு ஆண்டுதோறும் கிட்டாது. 2023-இல் நோன்பு செப்டம்பர் 25, திங்கள்கிழமை. விஜயதசமியோ ஒரு மாதம் கழித்து வந்தது.

மத்திய அரசின் விடுமுறைப் பட்டியலில் யூதர் திருநாள் எதுவும் இல்லை. நோன்பிருக்கும் ஊழியர் தமது சொந்த விடுப்பையே செலவிட வேண்டும். தேசிய சிறுபான்மையினர் ஆணையச் சட்டத்தின் கீழ் 1993-இல் ஐந்து சமூகங்களும், 2014-இல் சமணரும் அறிவிக்கப்பட்டனர், யூதர் இடம்பெறவில்லை. மகாராஷ்டிரம் 2016-இலும் குஜராத் 2018-இலும் மாநில அளவில் இத்தகுதியை வழங்கின. தேசிய அளவிலும் அது வேண்டும் என்பது இச்சமூகத்தாரின் நீண்டநாள் கோரிக்கை. வாக்கு வங்கி எனச் சொல்ல இயலாத ஒரு சமூகத்தின் கோரிக்கை என்பதாலோ என்னவோ, அது நாடாளுமன்றத்தில் பெரிதாக ஒலித்ததில்லை.