மாட்டுக் கொட்டகையில் மனிதர் குடியேறினால்

மேற்குப் பார்த்த ஒன்றரை அடிக் கருங்கல் சுவரில் மாலை நான்கு மணிக்கு ஏறும் வெயில் சூடு, சுவரைக் கடந்து உள்பக்கம் வந்து சேர இரவு ஒரு மணி ஆகிவிடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் இந்தத் தாமதம் ஏறக்குறைய ஏழு மணி நேரம், ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தில் மூன்று மணி நேரம். தகரக் கூரையில் தாமதமே கிடையாது. பழைய கல் கட்டடத்துக்குள் உச்சிவெயிலில் நுழைந்ததும் "என்ன இப்படி ஜில்லுன்னு இருக்கு!" என்கிறோமே, அதற்குக் காரணம் இந்தத் தாமதம்தான். கருங்கல் வெப்பத்தைத் தடுப்பதில்லை. சொல்லப்போனால் செங்கலைவிட மூன்று மடங்குக்கு மேல் எளிதாகக் கடத்தும். கனமாக இருப்பதால் நிறைய வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

பகலில் மாடு கட்டவும் வைக்கோல் போடவும் அது போதும். இரவில் பாய் விரித்துப் படுப்பவருக்கு?

திருவள்ளூர் மாவட்டத்துப் பெரியபாளையத்தில் இந்தக் கேள்விக்கு இப்போது வேலை இருக்கிறது. ஆடி மாதம் பவானி அம்மன் கோயிலுக்கு வரும் கூட்டம் ஒருபுறம். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள் மறுபுறம். அறைக்குத் தேவை இருக்கிறது. உழவு மாடு போய் டிராக்டர் வந்துவிட்ட ஊர்களில் கொட்டகை சும்மா கிடக்கிறது. அதையே வீடாக, வாடகை அறையாக, டியூஷன் கூடமாக, சின்னதாய் ஒரு ஆபீசாக மாற்றினால் என்ன என்ற யோசனை வருவது இயல்பு. யோசனை வந்ததும் செல்போனில் தேடுகிறோம். பிரிட்டனிலும் பிரான்சிலும் பழைய கல் தானியக் கொட்டகைகளை வீடாக்கிய படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கனமான காப்புப் பலகை. அங்கே பிரச்சினை குளிர். வெயிலை உள்ளே அழைக்கவும், வந்த சூட்டை வெளியே விடாமல் பிடிக்கவும் செய்த ஏற்பாடு அது. அதை அப்படியே திருவள்ளூர் மாவட்டத்தில் கட்டினால் கிடைப்பது வீடல்ல, அடுப்பு.

நமக்கு வேண்டிய உதாரணம் சென்னைக் கடற்கரையிலேயே இருக்கிறது: ஐஸ் ஹவுஸ். அமெரிக்க வியாபாரி பிரெடரிக் டியூடர், பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து வைக்க 1842-ல் எழுந்த கிடங்கு. அவர் கல்கத்தாவிலும் பம்பாயிலும் வைத்திருந்தவை போய்விட்டன. இது ஒன்றுதான் மிஞ்சியது. 1833-ல் கல்கத்தாவுக்குக் கிளம்பிய 'டஸ்கனி' கப்பலில் 180 டன் ஐஸ் ஏற்றினார்கள். நான்கு மாதம் வெப்பக் கடலைத் தாண்டியும் சுமார் 100 டன் மிஞ்சியது. மரத்தூளுக்குள் அசையாமல் அடைபட்ட காற்றுதான் அதைக் காப்பாற்றியது. கிடங்கின் தத்துவமும் அதுவே: காற்று அசையக் கூடாது.

இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் டியூடர் வியாபாரம் படுத்தது. கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், வட்டமான வராந்தாக்களும் நிறைய ஜன்னல்களும் வைத்து வீடாக மாற்றினார். நண்பரான நீதிபதி கெர்னனின் நினைவாக 'கேஸில் கெர்னன்' என்று பெயரும் சூட்டினார். இவ்வளவு செய்தும் போதிய காற்றோட்டம் இல்லாததால், எதிர்பார்த்த சௌகரியம் அந்த வீட்டில் கிடைக்கவில்லை என்பது பதிவாகியிருக்கிறது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியதும், பின்னர் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு இல்லம் நடத்தியதும் இங்கேதான். 1963-லிருந்து இதன் பெயர் விவேகானந்தர் இல்லம். 'பல்நோக்கு' என்று இன்று விளம்பரத்தில் சொல்வதை இந்தக் கட்டடம் எப்போதோ செய்துவிட்டது. ஆனால் பொருளைக் காக்கப் பிறந்த கட்டடம் மனிதருக்கு ஒத்துவருவது அத்தனை சுலபமில்லை என்பதையும் இதுதான் காட்டுகிறது. ஐஸ் மூச்சு விடாது. மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தாலே 100 வாட் அளவுக்கு வெப்பத்தையும், கூடவே ஈரத்தையும் வெளியேற்றுகிறார். ஓர் அறையில் நான்கு பேர் படுத்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டுக் கொட்டகைக்கு இதைத் தவிர இன்னொரு வில்லங்கமும் உண்டு, அது பலருக்குத் தெரியாது. பல பத்தாண்டுகள் மாடு கட்டிய இடத்தில் கோமியமும் சாணமும் மண்ணில் ஊறி, நுண்ணுயிர்களின் கைபட்டு நைட்ரேட் உப்பாக மாறுகின்றன. நிலத்து ஈரத்தோடு அது சுவரில் ஏறுகிறது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் தொழுவச் சுவர்களைச் சுரண்டித்தான் வெடிமருந்துக்கு உப்பு எடுத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரிலிருந்து கப்பல் கப்பலாக அள்ளிப் போன வெடியுப்பும் மனிதரும் மாடும் புழங்கிய கிராமத்து மண்ணில் விளைந்ததுதான். இந்த உப்புகளில் கால்சியம் நைட்ரேட் பொல்லாதது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். நம் பக்கத்தில் காற்று அதற்குக் கீழே இறங்கும் நாட்கள் குறைவு. அதனால்தான் எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் முழங்கால் உயரத்தில் சுவர் பொரிந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் மாவாக உதிர்கிறது. "ஓதம் ஏறிடுச்சு" என்று கொத்தனார் சொல்வார். மருந்தாக அவர் சொல்வது பெரும்பாலும் சிமென்ட் பூச்சு.

அது நோயை மறைக்கும், தீர்க்காது. சிமென்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் தலைகாட்டும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் அதிகம். ஈரம் அதன் வழியே வெளியேற, உப்பு பூச்சிலேயே தங்கும். சில வருடங்களில் அந்தப் பூச்சு கெட்டுப்போகும். கெடத்தான் வேண்டும். உப்பை வாங்கிக்கொண்ட பூச்சை உதிர்த்து எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசினால், ஒவ்வொரு முறையும் சுவரில் உப்பு குறைந்துகொண்டே வரும். பூசும் முன் உப்பைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கி எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடி கல்லிடுக்குக்கே போய்விடும். பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த மாவட்டம் இது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கைகள் இப்போது குறைவுதான், ஆனால் தேடினால் கிடைக்கும்.

கூரையைப் பற்றிச் சுருக்கமாக: நமது அட்சரேகையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேராக உச்சிக்கு வருகிறது. சுவரைவிடக் கூரைதான் அதிகம் வாங்கும். மேலே வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளை ஓடோ, உள்ளே உயரம், உச்சியில் சூடான காற்று வெளியேற ஒரு திறப்பு. தகரத்துக்குக் கீழே பால்ஸ் சீலிங் மட்டும் போட்டுச் சமாளிப்பது காசைக் கரியாக்குவது.

ஜன்னல்தான் உயிர்நாடி. கல் சுவர் நாள் முழுக்க வாங்கிய சூட்டை இரவில் விடும்போது அதை அள்ளிக்கொண்டு போகக் காற்று வேண்டும். பெரியபாளையம் கடலிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கரையில் பகலிலேயே வீசத் தொடங்கும் கடற்காற்று இங்கே வர மாலை ஆகிவிடும். ஆகவே கிழக்கிலோ தென்கிழக்கிலோ ஒரு வழி, எதிர்ச் சுவரில் மறு வழி. ஒற்றை ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிரயோஜனம் குறைவு. பழைய கல் சுவர் பெரும்பாலும் இரண்டு அடுக்கு; நடுவில் சல்லியும் மண்ணும். ஆர்வக்கோளாறில் உடைத்தால் மேல்பகுதி சரிந்து வரும். முட்டுக் கொடுத்து, முதலில் லிண்டல் ஏற்றி, பிறகுதான் கீழே கல்லை எடுக்க வேண்டும். மூலைக்கு அருகில் கைவைக்கக் கூடாது. இந்த ஒரு வேலைக்காவது ஒரு பொறியாளரை வரவழையுங்கள்.

மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு தாழ்வாரம் இறக்கினால் நள்ளிரவுச் சூட்டின் பெரும்பகுதி முளையிலேயே நின்றுவிடும். ஏ.சி. போடுவதாக இருந்தால் அது எல்லாம் முடிந்த பிறகு.

கொட்டகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலையை உடனே ஆரம்பிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு முறை அடித்து ஓயட்டும். ஓதம் ஏறிய உயரத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். பூச்சுக்கு எவ்வளவு செலவாகும் என்பதை அந்தக் கோட்டைப் பார்த்துப் பேசுங்கள், மேஸ்திரி சொல்லும் சிமென்ட் மூட்டைக் கணக்கைப் பார்த்து வேண்டாம்.