அஜோஷி... ஏன் இப்படி அழ வைக்கிறீங்க?

நாற்பத்தைந்து வயது இன்ஜினீயர். வெளிநாட்டில் படிக்கிற ஒரு பையன், முகம் கொடுத்துப் பேசாத மனைவி. காலேஜில் தனக்கு ஜூனியராக இருந்தவன்தான் இன்றைக்குக் கம்பெனியின் தலைமை நாற்காலியில்! அவன் கூப்பிட்டால் எழுந்து போய் நிற்க வேண்டும். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் ரயிலில் நின்றபடியே பயணம். இறங்கியதும் அண்ணன், தம்பியோடு பேட்டைக் கடையில் இரண்டு கிளாஸ். மறுநாள் காலை திரும்பவும் அதே ரயில்.

இதில் கதை எங்கே சார் இருக்கிறது என்று கேட்பீர்கள். இதுதான் சார் கதையே! பதினாறு எபிசோட். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கும் மேல். 2018 மார்ச் 21-ம் தேதி ஆரம்பித்து மே 17-ம் தேதி வரை டி.வி.என். என்ற கொரியக் கேபிள் சேனலில் ஓடியது. 'மை மிஸ்டர்' என்று வெளிநாட்டுக்காரர்களுக்காக ஒரு பெயர் வைத்தார்கள். கொரிய மொழியில் 'நா-எ அஜோஷி'. அதாவது, 'என் அஜோஷி'.

இந்த 'அஜோஷி' என்கிற வார்த்தைதான் முதல் ரகளைக்கே காரணம். ரோட்டில் முன்பின் தெரியாத நடுத்தர வயது ஆளைக் கொரியாக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம்மூரில் பஸ்ஸில் ஒரு சின்னப் பெண், "அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றால் நமக்கு உள்ளே ஏதோ சுருக்கென்று உடையுமே, அந்த அங்கிள்! அதில் மரியாதையும் உண்டு, 'உனக்கு வயசாயிடுச்சு' என்ற சேதியும் உண்டு. அந்த வார்த்தைக்கு முன்னால் 'என்' என்று சேர்த்து, நாற்பத்தைந்து வயதுக்காரரையும் இருபத்தோரு வயதுப் பெண்ணையும் ஒரே போஸ்டரில் நிறுத்தினால் ஊர் சும்மா இருக்குமா?

அதிலும் அந்த வருஷம்! 2018 ஜனவரியில்தான் ஒரு பெண் அரசு வழக்கறிஞர் டி.வி-யில் வந்து உட்கார்ந்து, மேலதிகாரி தன்னிடம் தப்பாக நடந்துகொண்டதைச் சொல்லி, கொரியாவே கொதித்துப்போயிருந்தது. 'மீ டூ' சூட்டோடு சூடாக இப்படி ஒரு தொடர் வருகிறது என்றதும், "ஆபீஸ் கிழவன்களுக்கு அல்வா கொடுக்கவா எடுத்திருக்கிறீர்கள்?" என்கிற ரீதியில் கண்டனங்கள் கிளம்பின. கதாநாயகி ஐ.யு., நாடே செல்லம் கொஞ்சும் பாடகி, 1993-ல் பிறந்தவர். கதாநாயகன் லீ சன்-கியூன் 1975. போதாக்குறைக்கு முதல் எபிசோடிலேயே, கடன் கொடுத்த இளைஞன் ஒருவன் அந்தப் பெண்ணைப் போட்டு அடி அடியென்று அடிக்கிறான். அதைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் பேர் சண்டைக்கு வந்தார்கள். வந்தது நியாயம்தான் என்பது என் கட்சி. அந்த அடியில் பாதியைக் காட்டியிருந்தாலே நமக்குப் புரிந்திருக்கும்.

ஆனால், டி.வி-யை மூடாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அடுத்தடுத்த வாரங்களில் வேறு ஏதோ ஆயிற்று. முதல் நாள் 4 சதவிகிதத்தை ஒட்டி நின்ற ரேட்டிங், கடைசி நாள் 7 சதவிகிதத்தைத் தாண்டியது. கேபிள் சேனலுக்கு அது நல்ல கூட்டம். 2019-ல் பேக்சாங் விருதுகளில் சிறந்த தொடர், சிறந்த திரைக்கதை இரண்டையும் தட்டிக்கொண்டு போனது. கொரியர்கள் 'இன்செங் டிராமா' என்று ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள். ஆயுசுக்கும் ஒன்று என்று நெஞ்சில் வைத்துக்கொள்கிற தொடர். நிறையப் பேர் அந்தப் பட்டத்தை இதற்குக் கொடுத்துவிட்டார்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். (பார்க்கப்போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிக் குதிக்கவும்.) பெண்ணின் பெயர் லீ ஜி-ஆன். டெம்பரவரி ஊழியர். அம்மா விட்டுப்போன கடன் தலைமேல். காது கேட்காத, வாய் பேசாத, படுத்த படுக்கையான பாட்டி. ராத்திரி ஹோட்டலில் பாத்திரம் கழுவி, மிச்சம் மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து தின்கிறாள். ஆபீஸில் கிடைக்கிற காபித்தூள் பாக்கெட்டுகளைத் திருடி, இரண்டு பாக்கெட்டை ஒரே கப்பில் கொட்டிக் குடிப்பதுதான் ராச்சாப்பாடு. நம்ம இன்ஜினீயர் பார்க் டோங்-ஹூனைக் கம்பெனியிலிருந்து கிளப்பினால் பணம் தருகிறேன் என்று பேரம் படிகிறது. அவர் செல்போனில் ஒரு ஒட்டுக்கேட்கும் சமாசாரத்தைப் போட்டுவிடுகிறாள். காதில் இயர்போன். அவர் மூச்சுவிடுவது, படியேறுவது, தம்பியிடம் எரிந்துவிழுவது, தனியாக இருக்கையில் பெருமூச்சு விடுவது எல்லாம் இருபத்துநாலு மணி நேரமும் இவள் காதில்.

கெடுக்கக் கேட்க ஆரம்பித்தவள், ஒரு கட்டத்தில் கேட்பதற்காகவே கேட்கிறாள். ஒரு மனுஷன் யாரும் பார்க்காதபோதும் நல்லவனாகவே இருக்கிறான் என்பதை அவள் அதுவரை கண்டதில்லை, பாவம்.

பார்த்தவர்களிடம், "எந்த இடத்தில் விழுந்தீர்கள்?" என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் பெரிய சீன் எதையும் சொல்லமாட்டார்கள். என் நண்பர் ஒருவர் அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறார். கல்யாண வீட்டில்கூடக் கண்ணில் ஈரம் வராத பேர்வழி. அவர் சொன்னது ஒரு அரசாங்க விதியை! பாட்டியை ஏன் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கவில்லை என்று டோங்-ஹூன் கேட்கிறார். காசு கட்ட முடியாது என்கிறாள் ஜி-ஆன். கொரியாவில் 2008-லிருந்து நீண்டகாலப் பராமரிப்பு இன்ஷூரன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பேத்திக்கு சட்டப்படி பாட்டியைக் காப்பாற்றும் கடமை கிடையாது. முகவரிப் பதிவைத் தனியாகப் பிரித்துவிட்டு விண்ணப்பித்தால் போதும், இலவசமாகவே சேர்த்துவிடலாம் என்கிறார் அவர். சொல்லிவிட்டு, இதைக்கூட உனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லையா என்பதுபோல ஒரு பார்வை.

"அங்கதாம்ப்பா எனக்கு உடைஞ்சுபோச்சு" என்றார் நண்பர். "அந்தப் பொண்ணுகிட்ட ஆயிரம் பேர் ஐயோ பாவம்னு சொல்லியிருப்பான். எந்த கவுன்ட்டர்ல எந்த ஃபாரம் வாங்கணும்னு ஒருத்தனும் சொல்லலையே!"

கட்டிப்பிடித்து, 'நான் இருக்கிறேன்' என்று வசனம் பேசுகிற உறவைவிட, ஃபாரம் சொல்லித்தருகிற உறவு பெரிசு என்று ஒரு அக்கவுன்டன்ட்டுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. எனக்கும் அப்படியே. (நானும் பி.காம்.தானே!)

ஆண்கள், அதுவும் ஆபீஸ் போகிற ஆண்கள் இந்தத் தொடரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம், ஹூகே என்கிற அந்தப் பேட்டை. கற்பனைப் பெயர்தான். அங்கே ஜங்-ஹீ என்ற பெண் நடத்தும் குடிக்கடை. டோங்-ஹூனின் அண்ணன் சாங்-ஹூன் வேலை போய், செய்த பிசினஸ்களும் படுத்து, அம்மா வீட்டுக்கே திரும்பியவர். தம்பி கி-ஹூன் தோற்றுப்போன சினிமா டைரக்டர். இரண்டு பேரும் சேர்ந்து கட்டடங்களில் படிக்கட்டு கழுவும் வேலைக்குப் போகிறார்கள். கூடக் கால்பந்து ஆடும் சகாக்கள் எல்லோரும் ஒரு காலத்தில் மேனேஜர், டைரக்டர் என்று விசிட்டிங் கார்டு வைத்திருந்தவர்கள். இப்போது கார்டும் இல்லை, கவலையும் இல்லை என்று சொல்லிக்கொண்டு கிளாஸை முட்டுகிறார்கள். 2018 ஜூலையில்தான் அந்த நாட்டில் வாரத்துக்கு 68 மணி நேரம் என்றிருந்த வேலை உச்சவரம்பைப் பெரிய கம்பெனிகளுக்கு 52 ஆகக் குறைத்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புவரை, ஆபீஸிலிருந்து நேராக வந்து டி.வி. முன்னால் விழுந்த ஆசாமிகளுக்கு அந்தக் கடை எப்படித் தெரிந்திருக்கும், யோசித்துப்பாருங்கள்.

ஒருநாள் ராத்திரி ஜி-ஆன் அந்தக் கடைக்கு வருகிறாள். கிளம்பும்போது, இருட்டில் பெண்பிள்ளை தனியாகப் போவதா என்று கடையில் இருந்த கும்பலே எழுந்து அவள் வீடுவரை நடக்கிறது. தடிதடியாக அத்தனை ஆண்கள், கூடவே கடைக்காரி! நாங்கள் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு அந்தச் சந்தில் திரும்பி நடக்கிறார்கள். அவ்வளவுதான் சீன். அதுவரை பின்னால் காலடிச் சத்தம் கேட்டாலே பயந்து வாழ்ந்த பெண் அவள் என்பது நமக்குத் தெரியும். அதனால் தொண்டை அடைக்கிறது.

இந்த இடத்தில் நான் ஒரு கணக்குக் கேட்டாக வேண்டும். வேலை வெட்டி இல்லாத அத்தனை பேரும் தினமும் குடிக்கிறார்களே, பில் யார் கட்டுகிறார்கள்? அந்தக் கடை எப்படி லாபத்தில் ஓடுகிறது? பதினாறு எபிசோடும் பார்த்துவிட்டேன், வரவு-செலவு இடிக்கிறது. அப்படி ஒரு பேட்டை நிஜத்தில் இருக்குமா, ஐம்பது வயதில் அத்தனை பால்ய சிநேகிதர்களும் ஒரே தெருவில் வாடகை கொடுத்துக் காலம் தள்ள முடியுமா என்று கேட்ட ரசிகர்களும் உண்டு. இல்லைதான். இருந்தால் நாம் ஏன் டி.வி-யில் பார்க்கப்போகிறோம்?

பாட்டி இறந்துபோகிற கட்டத்துக்கு வருகிறேன். கொரியாவில் சாவு வீட்டில் நடப்பதில்லை. ஆஸ்பத்திரியோடு ஒட்டிய இறுதிச்சடங்கு மண்டபத்தில் பெரும்பாலும் மூன்று நாள். வாசலில் ஆள் உயர மலர் வளையங்கள். அவை எத்தனை நிற்கின்றன என்பதில்தான் செத்தவர் குடும்பத்தின் கௌரவமே இருக்கிறது. வருகிறவர்கள் கவரில் பணம் வைத்துக் கும்பிட்டு, சாப்பிட்டுப் போவார்கள். யாருமே வராத மண்டபம் மாதிரி ஒரு அவமானம் அங்கே கிடையாது. ஜி-ஆனுக்கு யார் வருவார்கள்?

பாட்டி போனால் எனக்குச் சொல்லியனுப்பு என்று முன்பே சொல்லிவைத்திருந்த டோங்-ஹூன் வருகிறார். அவர் வந்தால் ஹூகேயே வரும்! வெறிச்சென்று கிடக்கும் மண்டபத்தைப் பார்க்கிறார் அண்ணன் சாங்-ஹூன். ஆயுசில் ஒரே ஒரு தடவையாவது அட்டகாசமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று, படிக்கட்டு கழுவிய காசை ஒளித்துச் சேர்த்து வைத்திருந்த மனுஷன் அவர். மொத்தத்தையும் எடுத்து வளையங்களுக்கும் சாப்பாட்டுக்கும் கொட்டிவிடுகிறார். வரிசையாக வளையங்கள் வந்து இறங்குகின்றன. சகாக்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள், ராத்திரி வெளியே வந்து கால்பந்துகூட ஆடுகிறார்கள். எழவு வீட்டில் கால்பந்தா என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்கு ரத்த சொந்தம் ஒன்று போய், முப்பது பேர் வந்து சேர்ந்ததுபோல இருக்கிறது.

2020-ல் கொரோனா வந்து உலகமே வீட்டில் அடைபட்டபோது நெட்ஃப்ளிக்ஸ் வழியாக இது வெளியூர்க்காரர்கள் கையிலும் கிடைத்தது. 'ரசவாதி' எழுதிய பாலோ கொயலோ அதே வருஷம் ட்விட்டரில் வாயாரப் புகழ்ந்து வைத்தார். அதற்குப் பிறகு யாராவது, "ஸ்லோவா இருக்கேப்பா" என்றால், "கொயலோவே சொல்லிட்டாரு" என்று மடக்க ஒரு ஆயுதம் கிடைத்தது. ஸ்லோ என்பது உண்மைதான். முதல் இரண்டு எபிசோடில் கழன்றுகொண்டு, ஆறு மாதம் கழித்து ஒரு மழைநாளில் திரும்பி வந்து மாட்டிக்கொண்டவர்கள் ஒரு தனி ஜாதி.

கடைசிவரை சமாதானம் ஆகாதவர்களும் இருக்கிறார்கள். 'ஒரு நடுவயது ஆளின் மனப்புண்ணுக்கு மருந்து போட ஒரு சின்னப் பெண் இவ்வளவு அடி வாங்க வேண்டுமா? ஒட்டுக்கேட்பது குற்றம் இல்லையா?' என்று அவர்கள் கேட்கிறார்கள். அவளுக்கு அவர்மேல் வந்தது காதலா, அப்பா பாசமா என்பதில் ரசிகர்களுக்குள்ளேயே இன்றுவரை கைகலப்பு. அவளைப் பொறுத்தவரை காதல்தான் என்று நினைக்கிறேன். அவர் அதை அறிந்தும் அதில் ஒரு பைசா எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் மற்றவர்கள் அவளைக் கூச்சமில்லாமல் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ள முடிந்தது.

2023 டிசம்பர் 27. லீ சன்-கியூன் இறந்துவிட்டார் என்று செய்தி. வயது 48. போலீஸ் விசாரணை, தினம் ஒரு தலைப்புச் செய்தி என்று அதற்கு முந்தைய வாரங்கள் அவரைப் பிய்த்துத் தின்றிருந்தன. 'பாரசைட்' படத்தில் அவரை இயக்கிய போங் ஜூன்-ஹோ உள்ளிட்ட கலைஞர்கள் 2024 ஜனவரியில் ஒன்றுகூடி, நடந்ததைப் பற்றி முறையான விசாரணை வேண்டும் என்று கேட்டார்கள். ரசிகர்கள் என்ன செய்வார்கள்? 'மை மிஸ்ட'ரைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். உலகமே கைவிட்ட ஒரு பெண்ணிடம், அது ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொடுத்த மனுஷனின் குரல். அவருக்கு அதைத் திருப்பிச் சொல்ல ஒரு ஹூகே இல்லாமல் போயிற்றே என்பதுதான் நிறையப் பேரின் புலம்பலாக இருந்தது. அந்த வருஷம் அக்டோபரில் பூசான் திரைப்பட விழா, மறைந்த அவருக்குக் கொரிய சினிமா விருது கொடுத்தது.

என் அம்பத்தூர் நண்பர் அந்த வாரம் முழுக்க அந்தத் தொடரைத் தொடவில்லை. "இப்ப பார்த்தா தாங்காது" என்றார். மார்ச்சில் ஆரம்பித்து, ஏப்ரலில் முடித்தார். முடித்த கையோடு எனக்கு போன். கடைசி சீனில் ஜி-ஆன் நல்ல உத்தியோகத்தில், நல்ல சட்டையில், சியோலில் ஒரு காபிக் கடையில் தற்செயலாக அவரைப் பார்க்கிறாள். கை குலுக்குகிறார்கள். போன் செய்கிறேன், உங்களுக்கு நல்ல சாப்பாடு ஒன்று வாங்கித்தர வேண்டும் என்கிறாள். அவள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் நடக்க, தொடர் முடிந்துவிடுகிறது.

"அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சா, இல்லையாப்பா?" என்றார் நண்பர்.

பண்ணியிருக்கும் என்றேன். என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று அடுத்த கேள்வி.