வளைந்த முதுகும் அறுவை சிகிச்சையும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் நம் அங்கத்தினர் வீட்டு இளைஞர் சிலருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கக்கூடும். 'ஸ்கோலியோசிஸ்' எனப்படும் இவ்வளைவு, நின்று வேலை செய்வதாலோ குழித்தறியில் குனிவதாலோ வந்ததன்று. பெரும்பாலும் வளரும் பருவத்தில் காரணம் புலப்படாமல் தோன்றுவது.

வயது வந்தபின் அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதைக் கண்ணாடி பார்த்துத் தீர்மானித்தல் தகாது. நின்றபடி எடுத்த எக்ஸ்ரே படத்தில் வளைவின் கோணத்தை அளப்பர். 30 டிகிரிக்கு உட்பட்டது வளர்ச்சி நின்றபின் பொதுவாக அதிகரிப்பதில்லை. 50-ஐத் தாண்டியது ஆண்டுக்குச் சுமார் 1 டிகிரி கூடக்கூடும். ஆகவே பழைய படங்களைக் காப்பது அவசியம். நிலப்பத்திரத்துக்குக் காட்டும் சிரத்தையில் பாதி போதும்! காலில் வலுக்குறைவோ மரமரப்போ கண்டால் மட்டும் தாமதம் கூடாது.

சிகிச்சையில் திருகும் கம்பியும் பொருத்தி எலும்புகளை ஒன்றாக இணைத்துவிடுவர். இணைந்த பகுதி பின்னர் வளையாது. தறிக்குழியில் இறங்குவோர்க்கும் நாற்று நடுவோர்க்கும் இது பிழைப்பையே தொடும் விஷயம். 'எந்த எலும்பு வரை இணைப்பீர்கள்?' என்று டாக்டரை முன்னதாகவே கேட்டல் வேண்டும். பீடி, சிகரெட் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும்.

பளு தூக்கும் வேலைக்குத் திரும்பப் பல மாதங்கள் செல்லும். தகுதியுள்ள தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. நோய்க்கால உதவி, சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை உண்டு. எஞ்சிய மாதங்களின் குடும்பச் செலவுக்கு வழிசெய்த பின்னரே நாள் குறிக்கலாம்.