உங்களுக்குத் தெரியுமா? லிங்க் கொடுத்தால் திரை பகிரலாம்!

‘அப்பாச்சி குவாகமோலே’ ஓர் இலவச மென்பொருள். எங்கோ இருக்கும் கணினியை பிரவுசரிலேயே இயக்கலாம். வேலைக்கு நடுவே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மெனு வரும். அட்மின் அனுமதித்திருந்தால் அதில் ‘ஷேர்’ இருக்கும்; தட்டினால் லிங்க் தயார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால், நண்பரும் அதே திரையைப் பார்ப்பார். அவர் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பாஸ்வேர்டும் கேட்காது. (ஆகவே குடும்ப குரூப்பில் போட்டுவிடாதீர்கள்!) நீங்கள் இணைப்பைத் துண்டித்தால் லிங்க் செல்லாக்காசு. பார்க்க மட்டும் விடுவதா, மவுஸையும் கொடுப்பதா என்பது அட்மின் கையில்.

திரை பகிர்வது புதிதல்ல. 1968-லேயே கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட், சான் பிரான்சிஸ்கோ மேடையிலிருந்து மென்லோ பார்க்கில் இருந்த சகாவுடன் ஒரே திரையில் வேலை செய்து காட்டினார். படம் வந்துசேர மைக்ரோவேவ் இணைப்பே போட வேண்டியிருந்தது.